பாதியில் ஓம் சொல்கிறவர்

அவரிடம் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்த ஆளை நான் ஜெர்மனியின் ஹம் நகரில் காணவில்லை. நாம் வாயைத் திறந்து இரண்டு சொல் வெளியே வருவதற்குள் அவருடைய தலை ஆடத் தொடங்கிவிடும். கண்கள் பாதி மூடும். "விளங்குது, விளங்குது" என்பார். அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் அது அவருக்குள் இறங்காது. அவர் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் காரின் பொனற்றைத் தூக்கியிருப்பார்.

இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த நாட்களில் அந்த "விளங்குது" எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அது பொய். ஜெர்மனியில் நாங்கள் எதையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியவர்கள். டொக்டரிடம், மருந்துக்கடையில், பிள்ளையின் ரீச்சரிடம். சொல்லச் சொல்ல எதிரே இருப்பவரின் நெற்றி சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கண்டதும் தெரிந்த கொஞ்ச ஜெர்மனும் எங்கேயோ ஓடி ஒளிந்துவிடும். நாள் முழுக்க நெற்றிச் சுருக்கங்களைப் பார்த்துவிட்டு வருகிற ஒருத்திக்கு, வாய் திறக்க முன்னமே விளங்கிக்கொள்கிற மனிதர் ஒருவர் கிடைத்தால் எப்படி இருக்கும்? செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிய மாதிரி இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். அவரை விட மூத்தவர்கள்கூட அப்படித்தான். கிழமை நாட்களில் அவருக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சனிக்கிழமைகளில், ரயில் பாதைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு தகரக் கொட்டிலில் தமிழாக்களின் கார்களைத் திருத்துவார். ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டால் அயலட்டை பொலிசுக்குப் போன் அடிக்கும் என்பதால் எல்லாமே சனிக்கிழமைதான். ஔஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி ஒன்றும் செய்தவரல்ல. ஊரில் மினிபஸ் ஓடியவர், கைப்பழக்கம் என்றார்கள். கோடையிலும் காதை மூடி ஒரு கம்பளித் தொப்பி போட்டிருப்பார். அதைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் வீட்டில் பகிடியாகச் சொல்வேன். என் கணவர், இவர், சிரிக்கமாட்டார். "அந்தாளைப் பற்றி அப்பிடிக் கதையாதேயும்" என்பார்.

அவரைப் பற்றி எங்கள் ஆட்களிடம் ஒரு அடுப்புக் கதை இருந்தது. எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அக்கா ஒருநாள் அவருக்குப் போன் எடுத்து, "அண்ணை, எங்கட அடுப்பு…" என்று தொடங்கியிருக்கிறா. புது அடுப்பு வாங்கிவிட்டோம், பழையதை யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்கத்தான் எடுத்தது. அவர் "விளங்குது தங்கச்சி" என்று போனை வைத்துவிட்டார். அன்று பின்னேரமே, யாரோ கழித்துவிட்ட அடுப்பொன்றைத் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க மாடிப்படியேறி வந்து நிற்கிறார். அந்த அக்கா என்ன செய்தா என்று நினைக்கிறீர்கள்? தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. அடுத்த கோடைவரை அவவுடைய குசினியில் மூன்று அடுப்புகள். சமைக்கப் போகிற அக்கா பக்கவாட்டில் நகர்ந்துதான் போகவேண்டும். அவருக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. இவ்வளவு பாரத்தைத் தூக்கி வந்த மனிசனின் முகம் வாடக்கூடாது பாருங்கள்.

நாங்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்னொரு கதைக்குச் சிரிக்கவில்லை. ஜெர்மன் கொஞ்சம் ஓடும் என்பதால் அவரை டொக்டரிடமும் மொழிபெயர்க்கக் கூட்டிப் போவார்கள். வயதான ஒரு அம்மா கண் டொக்டரிடம் போனா. "பொழுதுபட்டா எனக்குக் கண்…" என்று தொடங்கினா. அவர் உடனே டொக்டருக்கு விளக்கம் சொன்னார்: சமையல், மிளகாய்ப் புகை, கண் எரிவு. டொக்டர் சொட்டு மருந்து எழுதினார். அந்த அம்மாவுக்கு எரிவு இல்லை, பொழுதுபட்டால் பார்வை மங்கியது. ஆனாலும் அந்த மருந்தை மாதக்கணக்கில் ஒழுங்காக விட்டா. கேட்டால், "அந்தத் தம்பி வேலையை விட்டிட்டு வந்தது, நான் என்னெண்டு பிழை சொல்றது?" என்றா. பிறகு மகள் வேறு டொக்டரிடம் கூட்டிப் போனாள். அதையும் அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் கதை ஒரு காரின் இருக்கையில் தொடங்கியது.

ஊரில், எங்களுக்குக் கல்யாணமாவதற்கு முன்னர், இவருடைய முதுகின் கீழ்ப்பக்கத்தில் ஷெல் துண்டு பட்டது. துண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் இடது பக்கம், பிட்டத்திலிருந்து முழங்கால்வரை சுரணை போய்விட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அதற்கு மேலே முதுகில் சுரணை இருந்தது, அதுவும் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. குளிர் பட்டால் முதுகு அப்படியே பூட்டிக்கொள்ளும். பார்த்தவர்களுக்கு முதுகு நோவும் இழுத்த நடையும்தான் தெரியும். உள்ளே ஒரு பக்கம் செத்துக் கிடக்கிறது என்பதை இவர் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. வெட்கம்.

இவருக்கு வேலை கிடைத்தது கதவுப் பூட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். மேசைக்கு முன்னால் இருந்து, சின்னச் சின்னச் சாமான்களைக் கையில் எடுத்துப் பார்த்து, பழுதானதைக் கழிக்கிற வேலை. நின்று செய்வது இவருக்கு ஏலாது, தூக்குவது ஏலாது, இருந்து செய்தால் ஏலும். அப்படியொரு வேலை கிடைப்பதற்கு முன்பு இவர் வீட்டில் கிடந்த வருசங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பத்திரிகையை வாசித்து மடித்து வைப்பார், பிறகு விரித்து முதலிலிருந்து வாசிப்பார். என்னோடு கதைப்பதும் குறைந்துபோயிருந்தது. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் இந்த மனிசனுக்குப் பகிடி விடவும் தெரியும் என்று எனக்குத் தெரிய வந்தது. அதனால் இவரால் ஒரு இடத்தில் இருக்க முடிகிறது என்பது எங்கள் வீட்டில் சின்ன விசயமல்ல. எங்கள் வீடே அதில்தான் ஓடியது.

முதல் இரண்டு மாரியும் ரயிலில் போனார். விடியப்புறம் பிளாற்போமில் நின்று, அந்த ஈரக் குளிரில் முதுகு பூட்டி, வேலைக்குப் போய்ச் சேரும்போது பாதி ஆளாகத்தான் சேர்வார். நான் வயோதிபர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். இரண்டு இடமும் ஒரே பாதையில்தான். ஆகவே நான் லைசென்ஸ் எடுத்தேன். ஒரு பழைய கார் பார்த்துத் தரச்சொல்லி அண்ணையிடம் போனோம். ஊரில் சமாதான காலம் என்று ஆட்கள் யாழ்ப்பாணம் போய்வரத் தொடங்கியிருந்த நேரம் அது. நாங்கள் ஊருக்குப் போகச் சேர்த்த காசு காருக்குப் போனது.

இதில் மட்டும் நன்றி சொல்லவேண்டும், நல்ல காரைத்தான் பிடித்துத் தந்தார். சாம்பல் நிறம், பின்பக்கம் நீளம். முன்னிருக்கைகளுக்கு சிற்ஸ்ஹைற்சுங் இருந்தது, இருக்கையைச் சூடாக்குகிற சாமான். சுவிச்சை அமத்திச் சில நிமிடத்தில் கீழும் முதுகும் இதமாகச் சுடும். அளவுக்கு வந்ததும் தானாக நின்று, ஆறினால் தானாகத் தொடங்கும். முதல் நாள் காலை தொழிற்சாலை வாசலில் நான் காரை நிறுத்தியும் இவர் இறங்கவில்லை.

"இஞ்சாரும், இந்தக் கதிரையைக் கழட்டி உள்ளுக்குக் கொண்டுபோகலாமோ எண்டு கேட்டுப் பாக்கட்டோ?" என்றார்.

அந்தச் சந்தோசம் தை மாதம்வரைதான். ஒருநாள் காலை இருக்கை சூடாகவில்லை. சனிக்கிழமை கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். அவர் இருக்கையின் உறையை உரித்து உள்ளே காட்டினார். பஞ்சுக்கு மேல் ஒரு மெல்லிய விரிப்பு, அதில் தையல் போட்ட மாதிரி வளைந்து வளைந்து கம்பி ஓடியது. எங்கேயாவது ஒரு இடத்தில் கம்பி அறுந்தால் கீழும் முதுகும் சேர்ந்தே செத்துப்போகும். அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஈயம் வைத்து ஒட்டினார். சூடு வந்தது. நாங்கள் கொண்டுபோன ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி, "இனிக் கவலைப்படாதேங்கோ" என்றார்.

மாசி பிறந்ததும் திரும்பவும் குளிர்ந்துவிட்டது. திரும்பவும் ஒட்டினார். அடுத்த மாரிக்கு அறுந்தது, ஒட்டினார், அறுந்தது. இவர் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்து, மேசையைப் பிடித்து மெல்ல மெல்லக் குனிந்து இருக்கப் படுகிற பாட்டை நினைத்தபடிதான் நான் சலவை யந்திரங்களுக்கு முன்னால் நிற்பேன்.

ஒவ்வொரு தரமும் கம்பி அறுந்தது ஒரே இடத்தில். மூன்றாம் தரம் அவர் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டியபோது எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இவர் காரில் ஏறுவது மற்றவர்கள் ஏறுவதுபோல் அல்ல. சுரணையில்லாத இடது முழங்காலை முதலில் இருக்கையில் ஊன்றி, கதவைப் பிடித்து, உடம்பைத் திருப்பித்தான் இருப்பார். ஆளின் பாரம் முழுவதும் அந்த முழங்காலில், அந்த இடத்தில்.

"அண்ணை, இவர் ஏறேக்கை முழங்காலை…" என்று தொடங்கினேன்.

"விளங்குது தங்கச்சி. முழங்கால் நோ. இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் வாறதுதான். எனக்கும் கிடக்கு."

"இல்லை அண்ணை, அதாலைதான் கம்பி…"

"ஓமோம், பழைய கம்பி. நான் பாத்துக்கொள்ளுறன்."

காரில் ஏறியதும் நான் வெடித்தேன். ஒரு நிமிசம் காது கொடுத்தால் இந்த மனிசனுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். ஒரு பலகைத் துண்டை அந்த இடத்தில் வைத்து ஏறினாலே கம்பி தப்பும், அதைச் சொல்லக்கூட விடுகிறாரில்லையே என்றேன்.

"விடும்" என்றார் இவர். "சனிக்கிழமையை எங்களுக்காகக் குடுக்கிற மனிசன். முகத்திலை அடிச்ச மாதிரிக் கதைக்க ஏலுமோ?"

பலகை வைத்துப் பார்த்தோம். ஐஸ் பிடித்திருந்த ஒரு காலை பலகை வழுக்கி, இவர் வாசல்படியில் விழுந்தார். அதோடு பலகையும் போனது.

அடுத்த தரம் நான் பிடிவாதமாக ஒரு ஜெர்மன் வெர்க்ஸ்ரற்றுக்கு, கார் திருத்துகிற இடத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு மனிதர் இருந்தார். என் ஜெர்மன் பாதி வழியில் நின்றது. ஆனால் அவர் அசையாமல் நின்றார். நான் கடைசியில் என் முழங்காலைத் தூக்கி இருக்கையில் ஊன்றி நடித்தே காட்டினேன். இன்னொருதரம் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு, ஒட்டினால் நிற்காது, ஒட்டவும் கூடாது, எரிந்துவிடும், விரிப்பையே மாற்றவேண்டும், அதற்கு அடுத்த மாதம்தான் ரெர்மீன், தவணை, இருக்கிறது என்றார். நல்ல மாரி நடுவில் அடுத்த மாதம் என்றால் எப்படி? ஒட்டியாவது தாருங்கள் என்று கேட்டேன். ஏலாது என்று தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு ஏலாது என்றவர் எங்கள் கண்ணில் கல்நெஞ்சக்காரர். கேட்காமலே ஓம் என்கிறவர் எங்கள் ஆள். அப்படித்தான் எங்கள் புத்தி வேலை செய்தது.

நான் அங்கே போன கதை அண்ணையின் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது, அந்தக் காதுக்கு மற்றக் கதைகளெல்லாம் நன்றாகத்தான் போகும். அடுத்த நாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"வெள்ளையிட்டைப் போனனீங்களாம். நான் இஞ்சை இருக்கேக்கை."

"சும்மா கேக்கத்தான் அண்ணை" என்று இவர் நெளிந்தார். என்னைப் பார்த்து, தேத்தண்ணி போடும் என்று கண்ணைக் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை கார் திரும்பவும் கொட்டிலுக்குப் போனது. இவருக்கு அன்று ஷிஃப்ட். நான்தான் கொண்டுபோனேன். பின்னேரம் எடுக்கப் போனபோது அவர் நல்ல குசியில் இருந்தார். உள்ளங்கையில் பயறளவு ஒரு சாமானை வைத்துக் காட்டினார்.

"இதுதான் தங்கச்சி சனியன். சூடு கூடினா நிப்பாட்டிற சாமான். இது இருந்தாத்தானே நிக்கும்? எடுத்துப்போட்டுக் கறண்டை நேரை குடுத்திட்டன். இனி நீங்களா நிப்பாட்டும்வரைக்கும் சூடு வரும்."

நான் கதவைத் திறந்து இவருடைய இருக்கையைப் பார்த்தேன்.

"அண்ணை, இவருக்கு இடப்பக்கம்…"

"விளங்குது தங்கச்சி. அந்தப் பக்கம்தான் குளிர் பிடிக்கிறது. அதுக்காண்டித்தானே நல்லாச் சூடு வரவேணுமெண்டு செய்தனான்."

"இல்லை அண்ணை, ஒருக்காக் கேளுங்கோ. அவருக்கு அதிலை…"

"கையை வைச்சுப் பாருங்கோ" என்று என் கையைப் பிடித்து இருக்கையில் வைத்தார். இதமாகத்தான் இருந்தது. அதற்குள் வாசலில் இன்னொரு கார் வந்து நின்றது. "வாங்கோ வாங்கோ, விளங்குது, பிறேக்தானே" என்று கையைத் துடைத்துக்கொண்டு அதற்குப் போய்விட்டார்.

நான் சொல்ல நினைத்த வசனம் இவ்வளவுதான்: இவருக்கு இடப்பக்கம் சுரணை இல்லை, சுட்டாலும் தெரியாது. ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்கு அவரிடம் இடமில்லை. நீ ஏன் கத்திச் சொல்லவில்லை, ஏன் இவரைக் கவனமாக இருக்கச் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். சொன்னேன். கூடச் சுட்டால் நிப்பாட்டுங்கோ என்று இவருக்குச் சொன்னேன். முதுகுக்கு அது ஒருநாளும் கூடச் சுடவில்லை. மேலே ஓடிய கம்பி நல்ல கம்பி. ஒட்டி ஒட்டி நைந்து, ஒட்டின இடத்தில் கூடச் சுடுகிற கம்பி கீழேதான் கிடந்தது, சூடு தெரியாத பக்கத்தில். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. பிழை விட்டவரிடம் போய் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

தொழிற்சாலைக்குப் போகிற குறுகிய ஓட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இருக்கை நன்றாகச் சூடாகுமுன் இறங்கிவிடுவார். கிழமை முடிய ஹனோவரில் இருந்த இவருடைய அக்கா புது வீட்டுக்குக் குடிபுகுந்தா. விடியவே வெளிக்கிட்டோம். பாதி வழியில் பனி கொட்டி, ஓட்டோபான் நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நின்றன. இவர் நல்ல சந்தோசமாக இருந்தார். முதுகு இவ்வளவு சுகமாக ஒருநாளும் இருந்ததில்லை என்றார். அக்காவின் மனிசன் புது வீட்டிலும் பழைய கதிரையைத்தான் போட்டிருப்பார் என்று பகிடி விட்டார். வரிசை நகரத் தொடங்கியபோது எனக்குத் துணியில் அயன்பெட்டியை மறந்துவிட்ட மாதிரி ஒரு மணம் வந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

"உந்த லொறியின்ரை நாத்தம்" என்றார் இவர். "குளிர் வருது, பூட்டும்."

அக்காவின் வாசலில் இறங்கி, காலை இழுத்து இழுத்து, சிரித்த முகத்தோடு படியேறினார். பின்னால் வந்த அக்கா, "தம்பி, காற்சட்டையிலை என்ன பட்டது? மண்ணிறமாக் கிடக்கு" என்றா. நான் பார்த்தேன். அது பட்டதல்ல, கருகியது. கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். துணி தோலோடு ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தை உயர்த்திப் பார்த்தேன். உள்ளங்கையளவுக்கு மேல் தோல் வெள்ளை வெளேரென்று, மெழுகு மாதிரி இருந்தது. இவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முயன்றார்.

"என்ன, கிழிஞ்சு போச்சோ?" என்று கேட்டார். புதுக் காற்சட்டை அது.

பிறகு ஆஸ்பத்திரி. சூடு ஆழமாக இறங்கியிருந்தது. வலது தொடையில் தோல் எடுத்து இடது பக்கத்தில் வைத்தார்கள். எடுத்த இடம் நொந்து இவர் இரவெல்லாம் முனகினார். எரிந்த இடம் நோகவேயில்லை. ஒட்டிய தோல் ஒரு ஓரத்தில் பிடிக்கும், மறு ஓரத்தில் திறக்கும். பாரம் கொடுக்கக்கூடாது, இருப்பதானால் மெத்தை போட்டுக் கொஞ்ச நேரம், அதுவும் அடிக்கடி எழும்பி எழும்பி என்றார் டொக்டர். இருந்து செய்கிற வேலையைப் பற்றி நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, இல்லை என்றார். தொழிற்சாலை கொஞ்சக் காலம் பொறுத்திருந்தது. பிறகு அந்த மேசைக்கு வேறு ஆளைப் போட்டது.

அண்ணை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் சூப் நிரப்பிய பிளாஸ்க். கட்டில் அருகில் வந்ததும் இவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லை, உண்மையான அழுகை. பக்கத்துக் கட்டில் ஜெர்மன்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இவர்தான் அவருடைய முதுகைத் தடவி, "அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது அண்ணை" என்று தேற்றினார். நான் அவரை வெளியே கூப்பிட்டேன். இந்தத் தடவை முழுவதையும் சொல்லிவிடவேண்டும் என்று ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றேன்.

"அண்ணை, நான் அண்டைக்கு உங்களிட்டை…"

"விளங்குது தங்கச்சி. நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்று இரண்டு கையையும் கூப்பினார். "எனக்கு எல்லாம் விளங்குது."

அவ்வளவுதான். என் கோபத்தைக்கூட என் வாயிலிருந்து அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் வீட்டுக்கு வருமுன்னர் காரின் இருக்கையையே மாற்றி, உள்ளும் புறமும் கழுவி, எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் ஆட்களிடம் அதுதான் கதையானது. "உங்களுக்காண்டி அந்த மனிசன் என்ன ஓட்டம் ஓடினது, பாவம், அழுதழுது மெலிஞ்சுபோச்சு" என்று கடையில் வைத்து என்னிடமே சொன்னார்கள். இவர் மெலிந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பத்திரிகை திரும்பவும் எங்கள் வீட்டில் மடிந்து விரிந்தது. இப்போது நின்றுகொண்டு வாசித்தார்.

அந்த அண்ணையை நான் வெறுத்தேன். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. நல்ல மனிசனை வெறுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உங்கள் பக்கம் நிற்க ஒரு ஆளும் வராது.

சில வருசம் கழித்து, பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. இவர் வழக்கம்போல் பின்சுவரோரம் சாய்ந்து நின்றார். எங்கே போனாலும் இவர் அப்படித்தான், காலை மாற்றி மாற்றி நிற்பார், வெளியே நடந்துவிட்டு வருவார். கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு திரிந்த அண்ணை இவரைக் கண்டுவிட்டார்.

"தம்பி, ஏன் நிக்கிறீர்?"

"இல்லை அண்ணை, எனக்கு இருந்தா…"

அவர் போய்விட்டார். சனத்துக்கு மேலாக ஒரு மடிப்புக் கதிரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழி விடுங்கோ, வழி விடுங்கோ என்று வந்தார். விரித்து வைத்து, தன் கைலேஞ்சியால் துடைத்து, இவருடைய தோளில் கையை வைத்து அமத்தினார். மெத்தையில்லாத கட்டைப் பிளாஸ்ரிக். இவர் என்னைப் பார்த்தார். பிறகு இருந்தார்.

நான் கிட்டப் போய், "எழும்புங்கோ" என்றேன்.

"கொஞ்சம் பொறும். பக்கத்திலை நிக்கிறார்" என்று இவர் வாயசைக்காமல் சொன்னார்.

அண்ணை போகவில்லை. ஆராத்தி முடிந்து, படமெடுப்பு முடிந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை இவருடைய தோளில் கைபோட்டபடி பக்கத்திலேயே நின்று, மேடையைப் பார்த்துச் சந்தோசமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். இவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் இவரைக் குப்புறப் படுக்கவைத்து, திரைச்சீலையை இழுத்து மூடி, லைற் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளாடை நனைந்திருந்தது. பழைய ஓரம் நீளத்துக்குத் திறந்திருந்தது.

"என்ன, ஏதும் கிடக்கோ?" என்று இவர் தலையணையில் முகத்தை வைத்தபடி கேட்டார்.

"திறந்திட்டுது. முழுக்க" என்றேன்.

நான் பஞ்சை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். அது இவருக்குத் தெரியவில்லை.

"இஞ்சாரும்" என்றார் பிறகு. "அண்ணைக்குச் சொல்லிப்போடாதேயும். பாவம், கவலைப்படும்."